கம்பியும் பிளாஸ்மாவும்: ஒரு பௌதிகப் பிரச்சினையின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

விஞ்ஞானத்தின் வரலாற்றை விஞ்ஞானிகளின் வாழ்க்கை வரலாறுகளாகவும் கண்டுபிடிப்புகளின் கால அட்டவணையாகவும் எழுதிவந்த மரபு, 1931ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற இரண்டாவது அனைத்துலக விஞ்ஞான வரலாற்று மாநாட்டிலே பலமான எதிர்ப்பொன்றைச் சந்தித்தது. நியூற்றனின் ‘பிரின்சிப்பியா’வின் சமூக, பொருளாதார வேர்கள் பற்றி அம்மாநாட்டில் சோவியத் பௌதிகவியலாளர் பொறிஸ் ஹெசன் சமர்ப்பித்த கட்டுரை, கப்பற் போக்குவரத்து, சுரங்கத் தொழில், பீரங்கிப் போர்முறை ஆகியவற்றின் தேவைகளுக்கும் பதினேழாம் நூற்றாண்டுப் பௌதிகத்தின் பிரச்சினைகளுக்குமிடையேயுள்ள தொடர்பினை எடுத்துக்காட்டியது. ஜே. டி. பேணல் 1954இல் வெளியிட்ட ‘வரலாற்றில் விஞ்ஞானம்’ என்னும் நூல் அந்நோக்கினை விரிவான தளத்தில் வளர்த்தெடுத்தது.

இந்நோக்கின் பயனை இன்று பலரும் ஏற்றுக்கொள்வர். எனினும் அதனைக் கையாளும்பொழுது ஒரு கேள்வி தீர்க்கப்படாமலே நின்றுவிடுவதுண்டு. எந்தக் கேள்வி கேட்கப்படும் என்பதைச் சமூகத் தேவை நிர்ணயிக்கிறது என்று கொள்வோம். அக்கேள்விக்குக் கிடைக்கும் விடையையும் அதுவே நிர்ணயிக்கின்றதா? இலக்கிய விமர்சனத்துறையில் நமக்கு நன்கு பழக்கமான விவாதமே இது. ஒரு படைப்பின் சமூக அடித்தளத்தை விளக்கிவிட்டதும் அப்படைப்பினையே விளக்கிவிட்டதாகக் கருதும் இயந்திரப் பாங்கான போக்கு நம்மிடையே இருந்து வந்துள்ளது. விஞ்ஞான வரலாற்றிலும் அதே ஆபத்து உண்டு.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது மிகக் குறுகிய ஒரு பொருளாகும். வளைய வடிவில் நிறுத்தப்பட்ட நுண்ணிய உலோகக் கம்பிகளினூடாகப் பெரும் மின்னோட்டம் பாயும்போது பிளாஸ்மா எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு நகர்கிறது என்ற பிரச்சினையே அது. இத்தகைய அமைப்பினைக் ‘கம்பி அணி’ என இங்குக் குறிப்பிடுவோம். இதன் வரலாற்றிலே போரின் தேவை, அரச நிதி, கணிப்பு மாதிரி, ஆய்வுக்கூடக் கருவி ஆகியன பின்னிப் பிணைந்து கிடக்கின்றன. பொருள் சிறிதாயிருப்பதால் அவற்றின் தொடர்புகளைத் தெளிவாக அவதானிக்க முடிகிறது.

2

முதலிற் பிரச்சினையைப் பௌதிக நிலையில் விளங்கிக்கொள்வது அவசியமாகும். ஒரே திசையில் மின்னோட்டம் செல்லும் இரு சமாந்தரக் கம்பிகள் ஒன்றையொன்று கவரும் என்பதை அம்பியர் 1820இல் நிறுவினார். கம்பி ஒன்றினுள்ளும் இவ்விசை செயற்படுகிறது. மின்னோட்டத்தின் ஒவ்வோர் இழையும் ஏனைய இழைகளைத் தன்பால் இழுப்பதால், மின்னோட்டம் தான் பாயும் கடத்தியைத் தானே நெரிக்க முயல்கிறது. சாதாரண மின்னோட்டங்களில் உலோகத்தின் வலிமை இதனை எளிதில் எதிர்த்து நிற்கும். பல இலட்சம் அம்பியர் மின்னோட்டத்தின்முன் அவ்வலிமை ஒரு பொருட்டாகாது.

கம்பி அணியிலே, இரு மின்வாய்களுக்கிடையே கம்பிகள் ஒரு பறவைக்கூண்டின் கம்பிகளைப்போலச் செங்குத்தாக, வட்டமாக நிறுத்தப்படுகின்றன. மின்னோட்டம் பாயும்போது காந்தப் புலம் கூண்டின் வெளிப்புறத்தே மிகுந்தும், உட்புறத்தே ஏறத்தாழ இல்லாமலும் அமைகிறது. ஆகவே வெளியிலிருந்து உள்நோக்கிய காந்த அமுக்கம் பிறக்கிறது. கம்பிகள் வெப்பமேறி ஆவியாகி, அவ்வாவி மின்னேற்றம் பெற்ற அயன்களும் இலத்திரன்களும் கலந்த பிளாஸ்மாவாகி, அச்சினை நோக்கி விரைகிறது. அச்சில் அது மோதித் தேங்கும்போது அதன் சக்தியின் பெரும்பகுதி எக்ஸ் கதிராக வெளிப்படுகிறது.

இவ்வாறு மூன்று வாக்கியங்களில் இதனைச் சொல்லிவிடலாம். ‘கம்பிகள் ஆவியாகி’ என்று நாம் எளிதிற் கடந்துசென்ற சொற்றொடரிலேதான் முழுச் சிக்கலும் அடங்கியிருந்தது என்பதையும், அதனைக் காண ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன என்பதையும் பின்னர் நோக்குவோம்.

3

மின்னால் கம்பியை வெடிக்கச் செய்யும் பரிசோதனை பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டது. ஒல்லாந்திலே ஹார்லெம் நகரில், பட்டுத் தொழிலதிபரும் வங்கியாளருமான பீற்றர் ரெய்லர் 1778இல் இறந்தபோது விட்டுச்சென்ற செல்வத்தைக் கொண்டு ஒரு விஞ்ஞான நிறுவனம் அமைக்கப்பட்டது. அங்கு 1784இல் நிறுவப்பட்ட மாபெரும் உராய்வு மின்பொறியையும் இலெய்டன் சாடிகளின் தொகுதியையும் பயன்படுத்தி, மார்ட்டினஸ் வான் மாரும் உலோகக் கம்பிகளை ஒரே கணத்தில் ஆவியாக்கிக் காட்டினார். இலங்கையின் கரையோரப் பகுதிகள் அதே ஒல்லாந்தரின் ஆட்சியின்கீழ் இருந்த காலம் அது. வணிகமூலதனத்தின் திரட்சி ஆய்வுக்கூடமாகவும் உருவெடுக்கக்கூடியது என்பதற்கு ஹார்லெம் ஓர் உதாரணம். ஆயினும் அப்பரிசோதனைகள் பெரும்பாலும் காட்சிகளாகவே நின்றன. 1857இல் மைக்கல் பரடே பொன் பற்றிய தமது புகழ்பெற்ற ஆய்வுக்காகப் பொன் கம்பிகளை மின்னால் வெடிக்கச் செய்து நுண்ணிய பொற்படலங்களைப் பெற்றார். அவரது நோக்கம் கிடைத்த படலமாகவே இருந்தது. வெடிப்பின் இயக்கமுறை ஆய்வுப்பொருளாகவில்லை.

நெரிப்பு விசை பற்றிய அறிவோ கைத்தொழிலிலிருந்து வந்தது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஹார்ட்லி வேல் என்னுமிடத்திலிருந்த மண்ணெண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலே, இடிதாங்கியாகப் பயன்பட்ட செப்புக் குழாயொன்று மின்னல் தாக்கியபின் நசுங்கிக் கிடந்தது. சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொலொக், பரக்ளோ ஆகிய இருவரும் 1905இல் இதனை ஆராய்ந்து, குழாயினூடு பாய்ந்த மின்னோட்டத்தின் காந்த விசையே அதனை உள்நோக்கி நசுக்கியது என விளக்கினர். இரண்டாண்டுகளின் பின் அமெரிக்காவில் எட்வின் நோத்ரப், மின்னுலைகளில் உருகிய உலோகம் நடுவே ஒடுங்கி அறுபட்டு மின்னோட்டம் துண்டிக்கப்படும் நிகழ்வினைக் கணித ரீதியாக ஆராய்ந்தார். உலைகளில் இதனைக் கண்டு ‘நெரிப்பு விளைவு’ எனப் பெயரிட்டவர் கார்ல் ஹேரிங் என்னும் மின்பொறியியலாளர். 1934இல் வில்லார்ட் பெனற் இவ்விளைவினை மின்னேற்றத் துணிக்கைகளின் பாய்ச்சலுக்கு விரிவுபடுத்தினார்.

மின்னலால் நசுங்கிய செப்புக் குழாயை வாசகர் நினைவிற் கொள்ளவேண்டும். முழுமையான, இடைவெளியற்ற, மெல்லிய ஓடு ஒன்று அனைத்துப் புறங்களிலிருந்தும் ஒரே வேளையில் உட்புறம் சரிவது என்ற படிமம் அங்கே தொடங்குகிறது. கம்பி அணி பற்றிய சிந்தனையை அப்படிமமே நெடுங்காலம் ஆட்சி செய்தது.

4

இரண்டாம் உலக மகாயுத்தத்துடன் நிலைமை அடிப்படையில் மாறுகிறது. 1944இல் லொஸ் அலமொஸ் ஆய்வுக்கூடத்திலே புளூத்தோனியக் குண்டின் உள்நோக்கிய வெடிப்புக்குப் பல வெடிகளை மைக்கிரோசெக்கனிலும் குறைந்த வேறுபாட்டுடன் ஒருங்கே தூண்டவேண்டியிருந்தது. லூயிஸ் அல்வாரெஸும் லோரன்ஸ் ஜோன்ஸ்ரனும் அதற்கெனக் கம்பி வெடிப்பினைப் பயன்படுத்தும் தூண்டிகளை உருவாக்கினர். ஹார்லெமின் காட்சிப்பொருள் நாகசாகியின் குண்டிற்கு உறுப்பாயிற்று.

யுத்தத்தின் பின் நெரிப்பு விளைவு, அணுக்கரு இணைவின் மூலம் சக்தி பெறும் நம்பிக்கையுடன் இணைந்தது. 1946இல் ஜோர்ஜ் தொம்சனும் மோசஸ் பிளக்மனும் பிரித்தானியாவில் இதற்கென இரகசியக் காப்புரிமை ஒன்றைப் பதிவு செய்தனர். 1956 ஏப்ரலில் இகோர் குர்ச்சாத்தொவ் ஹார்வெல்லுக்கு வந்து சோவியத் ஆய்வுகளை வெளிப்படையாக எடுத்துரைத்தமை இரகசியத்தின் சுவரில் முதலாவது விரிசலாகும். 1958 ஜனவரியிலே ஹார்வெல்லின் ‘சீற்றா’ இயந்திரம் அணுக்கரு இணைவினை எட்டிவிட்டதாகப் பத்திரிகைகள் ஆரவாரித்தன. வெளிப்பட்ட நியூத்திரன்கள் பிளாஸ்மாவின் பொதுவான வெப்பத்தால் விளைந்தவையல்ல என்பது சில மாதங்களில் தெளிவாயிற்று. ஏற்கெனவே 1954இல் குறுஸ்கலும் சுவார்ஸ்சைல்டும் கோட்பாட்டளவில் எச்சரித்திருந்த உறுதியின்மைகள் பிளாஸ்மாவைச் சிதறடித்தன. இணைவு ஆய்வின் பெரும்போக்கு பிற காந்த அமைப்புகளை நோக்கித் திரும்பியது.

நெரிப்பு விளைவு மறக்கப்படாது நின்றமைக்குக் காரணம் வேறொரு தேவையாகும். 1963ஆம் ஆண்டின் பகுதியளவிலான பரிசோதனைத் தடை ஒப்பந்தம் வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் அணுகுண்டுகளை வெடிப்பதைத் தடைசெய்தது. அணுவெடிப்பின் எக்ஸ் கதிர் ஏவுகணைகளையும் அவற்றின் மின்னணுக் கருவிகளையும் எவ்வாறு பாதிக்கும் என்பதை ஆய்வுக்கூடத்திலே பரிசோதிக்கும் தேவை பெருகிற்று. இதற்கான தொழினுட்பம் துடிப்பு வலுப் பொறியியலாக வளர்ந்தது. பிரித்தானிய அணுவாயுத நிலையமான ஓல்டமாஸ்ரனில் ஜே. சி. மார்ட்டின் தலைமையிலான குழு 1960களில் இதற்கு அடித்தளமிட்டது. அதன் மூலக்கருவி, கொள்ளளவிகளைச் சமாந்தரமாக மின்னேற்றித் தொடராக மின்னிறக்கும் மார்க்ஸ் பிறப்பாக்கியாகும். (1924இல் இதனை அமைத்த ஜெர்மனியப் பொறியியலாளர் எர்வின் மார்க்ஸுக்கும் ‘மூலதன’த்தின் ஆசிரியருக்கும் தொடர்பேதுமில்லை என்பதை ஆர்வமிகுந்த வாசகர்களுக்காகக் குறித்து வைக்கிறோம்.)

இச்சூழலிலேதான் கம்பி அணி பிறக்கிறது. 1976இல் கலிபோர்னியாவின் ‘பிசிக்ஸ் இன்ரர்நஷனல்’ கம்பனியைச் சேர்ந்த ஸ்ரோலிங்ஸ், நீல்சன், ஷ்னைடர் ஆகியோர், ஒற்றைக் கம்பிக்குப் பதிலாகப் பல கம்பிகளை வட்டமாக நிறுத்தும் முறையை வெளியிட்டனர். கம்பியொன்று தனித்து நிற்கும்போது அது விரிவடைவதும் முறுகுவதுமாகச் சக்தி வீணாகியது. பல கம்பிகள் தொலைவிலிருந்து அச்சுக்கு விரைந்து வந்தால் மின்சக்தி இயக்கச் சக்தியாகி, பின் கதிர்வீச்சாகும் என்பது அவர்களது தர்க்கம். இயங்குமுறை பற்றிய ஆர்வம் இங்கும் இல்லாமலில்லை. ஆயினும் வினா ‘எவ்வளவு கதிர்?’ என்பதாகவே இருந்தது.

5

அமெரிக்கா 1992இல் தனது நிலத்தடி அணுப் பரிசோதனைகளை நிறுத்தியது. 1996இல் முழுமையான பரிசோதனைத் தடை ஒப்பந்தம் கைச்சாத்துக்காகத் திறக்கப்பட்டது. ஆயுதங்களோ களையப்படவில்லை. இருப்பிலுள்ள ஆயுதங்களை வெடிக்காமலே பேணிப் பரீட்சிக்கும் திட்டத்திற்குப் பெருநிதி ஒதுக்கப்பட்டது. நியூ மெக்சிக்கோவில் உள்ள சண்டியா தேசிய ஆய்வுக்கூடத்தின் பெரும் துணிக்கை முடுக்கி, அவ்வாண்டிலேயே கம்பி அணிகளுக்கெனத் திருத்தியமைக்கப்பட்டு ‘இசெட்’ இயந்திரமாயிற்று. இம்மாற்றத்திற்கு அறிவியல் நியாயத்தை வழங்கியவை அதே ஆய்வுக்கூடத்தின் ‘சற்றேர்ன்’ இயந்திரத்தில் தோமஸ் சான்போர்ட் முதலியோர் நடத்திய பரிசோதனைகளாகும்.

1996இல் வெளியான அவர்களது முடிவு எளிமையானது, வியப்பூட்டுவது. அலுமினியக் கம்பிகளின் எண்ணிக்கையை அதிகரித்து, கம்பிகளுக்கிடையேயுள்ள தூரத்தைக் குறைத்துக்கொண்டு சென்றபோது எக்ஸ் கதிர் வலு முதலில் மெதுவாகவே உயர்ந்தது. இடைவெளி ஏறத்தாழ 1.4 மில்லிமீற்றருக்குக் கீழே சென்றதும் உயர்வு துரிதமாயிற்று. கணனிக் கணிப்புகளும் ஏறத்தாழ அதே இடைவெளியைச் சுட்டின. தனித்தனிக் கம்பிகளின் பிளாஸ்மாக்கள் ஒன்றோடொன்று கலந்து, இடைவெளியற்ற ஓடாக மாறும் கட்டம் அது என அவை கூறின.

‘இசெட்’ இயந்திரத்தில் இதன் பயன் முழுமையாக வெளிப்பட்டது. 0.0075 மில்லிமீற்றர் விட்டமுள்ள, அதாவது மனிதத் தலைமயிரின் பத்திலொன்று பருமனுள்ள, தங்குதன் கம்பிகள் 240 வரையில் 4 சென்ரிமீற்றர் விட்டமான வளையத்தில் நிறுத்தப்பட்டன. ஏறத்தாழ 2 கோடி அம்பியர் மின்னோட்டம் 100 நனோசெக்கன் அளவில் அவற்றினூடு செலுத்தப்பட்டது. 1998இல் அறிவிக்கப்பட்ட பெறுபேறு 200 ரெறாவாற்று எக்ஸ் கதிர் வலுவும், ஏறத்தாழ 20 இலட்சம் யூல் சக்தியுமாகும். ஒன்றினுள் ஒன்றாக இரு அணிகளை அமைத்தபோது வலு 280 ரெறாவாற்றாயிற்று. சில நனோசெக்கன்களே நீடிக்கும் இவ்வலு, உலகம் முழுவதும் அன்று பிறப்பிக்கப்பட்ட மின்வலுவின் பல பத்து மடங்காகும்.

மார்க்சிய மெய்யியலிற் பயிற்சியுடைய எவருக்கும் இவ்விடத்தில் ஏங்கெல்ஸின் ‘இயற்கையின் இயங்கியல்’ நினைவுக்கு வருவது இயல்பே. அளவுநிலை மாற்றம் குறித்த ஓர் எல்லையைக் கடந்ததும் பண்புநிலை மாற்றமாகிறது. பத்துக் கம்பி, நூறு கம்பி என எண்ணிக்கை ஏறி, 1.4 மில்லிமீற்றர் என்னும் வரம்பிலே ‘கம்பிகள்’ மறைந்து ‘ஓடு’ பிறக்கிறது. பாடநூலிற் சேர்ப்பதற்கு இதனினும் பொருத்தமான உதாரணம் வேண்டுமா?

விடயம் அத்துடன் முடிந்திருந்தால் இக்கட்டுரை எழுதப்பட வேண்டிய தேவையே எழுந்திராது.

6

வலு திடீரென உயர்ந்தது என்பது அளவீடு. ஓடு பிறந்தது என்பது அவ்வளவீட்டின்மீது ஏற்றப்பட்ட விளக்கம். கம்பி அனைத்தும் ஆரம்பத்திலேயே முழுமையாகப் பிளாஸ்மாவாகிவிடும், அப்பிளாஸ்மா முழுவதும் ஒருங்கே நகரும் என்பன அவ்விளக்கத்தின் எடுகோள்கள். இவ்வெடுகோள்களை உடைத்தவை பிரதானமாகச் சிறிய இயந்திரங்களாகும்.

இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் மல்கம் ஹெயின்ஸ் கட்டியெழுப்பிய நெரிப்பு ஆய்வு மரபின் பயனாக ‘மக்பை’ என்னும் இயந்திரம் அமைந்திருந்தது. அதன் மின்னோட்டம் ஏறத்தாழ 10 இலட்சம் அம்பியர். அதாவது ‘இசெட்’டின் இருபதிலொரு பங்கு. மின்னோட்டம் உச்சமடைய 240 நனோசெக்கன் எடுத்தது. ரஷ்யாவிலிருந்து வந்த செர்கெய் லெபெதெவ் தலைமையில், 1990களின் பிற்பகுதி முதல் அங்கு எட்டு முதல் அறுபத்துநான்கு வரையிலான கம்பிகளைக் கொண்ட அணிகள் ஆராயப்பட்டன. நூற்றுக்கணக்கான கம்பிகள் நெருங்கி நிற்கும் அணியினுள்ளே பார்க்க இயலாது. இங்கோ கம்பிகள் சிலவே ஆதலால் இடையே லேசர் ஒளியைச் செலுத்தி உள்ளே நிகழ்வதைப் படமெடுக்க முடிந்தது. வலுவில் மேம்பட்ட இயந்திரத்திற்கு மறைந்திருந்த காட்சி, குறைந்த இயந்திரத்திற்குத் திறந்திருந்தது.

அவர்கள் கண்டதைத் தொகுத்துக் கூறலாம். மின்னோட்டம் பாயத் தொடங்கிய சில நனோசெக்கன்களில் கம்பியின் மேற்பரப்பு வெப்பமேறி, ஒட்டியிருந்த வாயுக்களும் உலோக ஆவியும் வெளிப்பட்டு, அவை மின்முறிவுற்றுப் பிளாஸ்மாவாகின்றன. உடனே மின்னோட்டம் உலோகத்தை விட்டு இப்பிளாஸ்மா உறைக்குத் தாவிவிடுகிறது. விளைவாக, உறை சூடேறுகிறது. உள்ளகமோ வெப்பமேறும் வழியை இழந்து, திரவமும் ஆவியும் கலந்த குளிர்ந்த, அடர்த்தியான நிலையில் எஞ்சி நிற்கிறது. கம்பி மறைந்துவிடவில்லை. தன் ஆவியாலேயே காக்கப்பட்டு அது நீடிக்கிறது.

இதன்பின் உரிவுக் கட்டம் தொடங்குகிறது. உறையின் வெப்பம் உள்ளகத்தைப் படிப்படியாக உரிக்கிறது. உரிந்த பிளாஸ்மாவைக் காந்த விசை செக்கனுக்கு ஏறத்தாழ 150 கிலோமீற்றர் வேகத்தில் அச்சினை நோக்கி வீசுகிறது. உள்ளகங்கள் தம் இடத்திலேயே அசையாது நிற்க, இத்தாரைகள் அச்சிற் கூடி ஒரு தூணாகின்றன. ‘முன்னோடிப் பிளாஸ்மா’ எனப்படும் இத்தூண், பிரதான சரிவுக்கு வெகு முன்னரே தோன்றிவிடுகிறது. மொத்த நேரத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இந்த உரிவிலேயே கழிகிறது. உரிவு கம்பியின் நீளம் முழுவதும் சீரானதுமன்று. அலுமினியத்தில் ஏறத்தாழ அரை மில்லிமீற்றருக்கும் தங்குதனில் கால் மில்லிமீற்றருக்கும் ஒன்றாக, வலுத்ததும் நலிந்ததுமான தாரைகள் மாறிமாறி அமைகின்றன. வலுத்த தாரை எழுமிடங்களில் உள்ளகம் முதலில் தீர்ந்து அறுபடுகிறது. அப்பொழுதே சரிவு தொடங்குகிறது. எஞ்சிய திணிவில் ஒரு பகுதி அச்சை நோக்கி, வழியிலுள்ள பிளாஸ்மாவை வாரிக்கொண்டு விரைய, மற்றொரு பகுதி பழைய இடத்திலேயே பின்தங்கிவிடுகிறது.

ஏறத்தாழ இதே காலப்பகுதியில், மாஸ்கோவுக்கு அண்மையிலுள்ள துரோயிட்ஸ்க் நகரின் ‘அங்காரா-5’ இயந்திரத்தில், வலென்ரின் ஸ்மிர்னொவ் வளர்த்த ஆய்வு மரபினர், பிளாஸ்மா ஒரே கணத்திலன்றி நீடித்த காலத்திற்கு உற்பத்தியாகிறது என்ற முடிவுக்குத் தமது வழியில் வந்தனர். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்திலோ, பிக்கூஸ், ஷெல்க்கொவென்கோ ஆகியோர் இரு கம்பிகளைக் குறுக்காகச் சார்த்தி வெடிக்கச் செய்யும் ‘எக்ஸ் நெரிப்பு’ முறையைப் பயன்படுத்தினர். மாஸ்கோவின் லெபெதெவ் பௌதிக நிலையத்தில் 1980களின் தொடக்கத்தில் தோன்றிய இம்முறையில், குறுக்கிடும் புள்ளியில் மைக்கிரோமீற்றர் அளவான எக்ஸ் கதிர் ஊற்று பிறக்கும். அவ்வொளியிலே பிற கம்பிகளின் அடர்ந்த உள்ளகங்களை நிழற்படமாகக் காண முடிந்தது. நெருங்கிய கம்பிகளைக் கொண்ட ‘இசெட்’டிலும் உரிவுக் கட்டம் உண்டென்பதைப் பின்னர் சண்டியா ஆய்வாளர்களே நிறுவினர்.

ஆகவே ஓடு பிறக்கவில்லை. கம்பிகளின் எண்ணிக்கை உயர்ந்தபோது வலு உயர்ந்தமை உண்மை. ஆனால் எளிய ‘கம்பியிலிருந்து ஓட்டுக்கு’ என்ற பாய்ச்சல் அதன் காரணமன்று. சீரற்ற உரிவு, முன்னோடிப் பிளாஸ்மா, பின்தங்கிய திணிவு ஆகிய பலவற்றின் விகிதங்கள் மாறியமையிலேயே காரணத்தைத் தேடவேண்டியதாயிற்று. இயங்கியல் விதியொன்றை முன்கூட்டியே கையில் வைத்துக்கொண்டு அதற்கு உதாரணம் தேடுவோர் 1996உடன் நின்றிருப்பர். குறித்த நிலைமையின் குறித்த முரண்பாட்டை ஆராய்வோர்க்கு, சூடான உறைக்கும் குளிர்ந்த உள்ளகத்திற்குமிடையேயுள்ள முரண்பாடே இயக்கத்தின் ஊற்று என்பது புலனாகும். இயங்கியல் ஆய்வுமுறையாக விளங்கவேண்டுமேயன்றி, முடிவுகளை முன்கூட்டியே அறிவிக்கும் சூத்திரமாகிவிடலாகாது.

7

1976இல் தோன்றிய அமைப்பொன்றின் உட்செயல் 1990களின் இறுதிவரை ஏன் மறைந்திருந்தது? கருவிகளின் போதாமை ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆய்வின் நோக்கமும் இதிற் சம்பந்தப்பட்டிருந்தது என்பதே நமது கருத்தாகும். நிதியளித்த நிறுவனம் வேண்டியது கதிர். கதிரின் அளவே வெற்றியின் அளவுகோல். ஓடு என்ற எளிய மாதிரி சரிவின் நேரத்தை ஓரளவு சரியாகவே கூறியது. இயந்திரத்தை வடிவமைக்க அது போதுமாயிருந்தது. பயன்தரும் மாதிரியொன்று பிழையானதாயினும் அதனை வினவும் அவசரம் எழுவதில்லை. உற்பத்திப் பொருளின் பெறுமதி உற்பத்திச் செயன்முறையை மறைப்பது பண்ட உற்பத்திக்கு மாத்திரம் உரிய பண்பன்று.

எனினும் சிறிய ஆய்வுக்கூடத்தை மாசற்ற அறிவின் கோயிலாகக் காட்டுவதும் உண்மைக்கு மாறானது. இம்பீரியல் கல்லூரி ஆய்வுகளுக்கு வழங்கப்பட்ட நிதியில் பிரித்தானிய, அமெரிக்க அணுவாயுத நிறுவனங்களின் பங்கும் இருந்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் அதன் ஆய்வுநிலையங்கள் வறுமையுற்றமையும், அங்கு பயின்ற அறிஞர் பலர் மேற்கு நாடுகளுக்குச் சென்றமையும் இவ்வரலாற்றின் பிரிக்கமுடியாத பகுதிகளாகும். சோவியத் சமுதாயம் தன் மக்களின் உழைப்பால் உருவாக்கிய பயிற்சி இலண்டனிலும் நியூயோர்க் மாநிலத்திலும் பலன் தந்தது. 2005இல் ஐரோப்பியப் பௌதிகக் கழகத்தின் ஹன்னஸ் அல்வேன் பரிசு, ஹெயின்ஸ், சான்போர்ட், ஸ்மிர்னொவ் ஆகிய மூவருக்கும் கூட்டாக வழங்கப்பட்டமை, ஒருகாலத்தில் எதிரெதிர் முகாம்களில் நின்று ஆயுத ஆய்வில் ஈடுபட்டிருந்த மூன்று நாடுகளின் மரபுகள் ஒரு புள்ளியிற் சந்தித்ததைக் காட்டுகிறது.

பிரச்சினை அத்துடன் தீர்ந்துவிடவுமில்லை. அச்சிற் தேங்கிய பிளாஸ்மா, அது கொண்டுவந்த இயக்கச் சக்தியினும் பன்மடங்கு சக்தியைக் கதிராக வெளியிட்டமை ஒரு புதிராகவே இருந்தது. உருக்குக் கம்பிகளைக் கொண்டு ‘இசெட்’டில் நடத்திய பரிசோதனைகளில் அயன்களின் வெப்பநிலை 200 கோடி கெல்வினைக் கடந்தது. மிக நுண்ணிய உறுதியின்மைகளின் சுழற்சி, பாகுநிலையால் அயன்களைச் சூடாக்குகிறது என 2006இல் ஹெயின்ஸும் சகாக்களும் விளக்கமளித்தனர். 1958இல் நெரிப்பு ஆய்வைத் தோல்விப்படுத்திய உறுதியின்மையே இங்கு வெப்பத்தின் காரணமாக முன்வைக்கப்பட்டது.

பின்வந்த ஆண்டுகளில் ‘இசெட்’டின் இணைவு ஆய்வு பெரிதும் கம்பிகளைக் கைவிட்டது. 2013இல் தொடங்கிய பரிசோதனைகளில் பெரிலியத்தாலான முழுக் குழாயே காந்த விசையால் நசுக்கப்பட்டது. அதன் முதற் பெறுபேறுகள் 2014இல் வெளிவந்தன. ஹார்ட்லி வேலின் செப்புக் குழாய் ஒரு நூற்றாண்டின் பின் வேறு வடிவில் மீண்டது எனலாம். கம்பி அணியோ இன்னொரு பயனைக் கண்டது. கூம்பு வடிவில் நிறுத்தப்பட்ட கம்பிகளின் உரிவுத் தாரைகள் அச்சிற் கூடி நீண்ட பாய்ச்சலாகப் புறப்படுவதைப் பயன்படுத்தி, இளம் விண்மீன்களிலிருந்து எழும் பாய்ச்சல்களை ஆய்வுக்கூடத்திலே ஆராயும் முறையை 2002இல் லெபெதெவ் குழுவினர் வெளியிட்டனர். கதிர் வேண்டியோருக்குக் குறைபாடாகத் தோன்றிய முன்னோடிப் பிளாஸ்மாவின் இயக்கம், வானியல் வினாவுக்கு விடையாயிற்று.

8

இதுவரை கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். கம்பி அணி என்ற பொருளை உருவாக்கியது ஆயுத அரசின் தேவை. அத்தேவையின்றி இத்தகைய இயந்திரங்களுக்குச் செலவிட எச்சமூகமும் முன்வந்திருக்குமென நம்புதல் கடினம். ஹெசன் கற்பித்த பாடம் இவ்வகையில் உறுதிப்படுகிறது. ஆனால் அத்தேவை விரும்பிய படிமத்தை இயற்கை ஏற்கவில்லை. கம்பி தன் உள்ளகத்தைக் காத்துக்கொண்டது. சமூகம் கேள்வியைத் தேர்ந்தெடுக்கலாம். விடையோ பொருளின் சொந்த இயக்கத்திலிருந்தே பெறப்படவேண்டும். பொருள்முதல்வாதம் என்பதன் முதற்பொருள் இதுவேயன்றோ?

இரண்டாவது, அவ்விடையைப் பெற்றுத் தந்தவை பெரும்பாலும் அளவிற் சிறிய கருவிகளாகும். செலவிடக்கூடிய வளம் குறைந்த நமது போன்ற நாடுகளின் ஆய்வாளர்க்கு இது வெறும் ஆறுதலன்று. வலுவிற் போட்டியிடுதல் நமக்கு இயலாது. ஆனால் பெரிய இயந்திரங்கள் கேட்க மறந்த வினாக்கள் எப்பொழுதும் எஞ்சியிருக்கும். அவ்வினாக்களைக் கேட்பதற்குச் செயன்முறையை அதன் தனித்தன்மையுடன் அவதானிக்கும் பொறுமை வேண்டும். விளைவின் பெருமையில் மயங்காத கண் வேண்டும்.

மூன்றாவது, விஞ்ஞான வரலாற்றுக்கும் இலக்கிய வரலாற்றுக்கும் பொதுவான ஒரு முறையியற் கடமை இங்குத் தெளிவாகிறது. புறநிலைத் தேவையை மாத்திரம் கூறி நிற்பவர் கம்பியை ஓடாகவே காண்பார். அகநிலை இயக்கத்தை மாத்திரம் கூறுபவர், அக்கம்பி ஏன் அங்கு நிறுத்தப்பட்டது என்பதைக் காணார். இவ்விரண்டினையும் ஒருங்கு நோக்கும் ஆய்வுகள் தமிழில் மேலும் பெருகவேண்டும். அதற்கு இச்சிறு குறிப்புகள் ஒரு தூண்டுதலாக அமையுமாயின் நமது நோக்கம் நிறைவேறியதாகும்.